முதல் பதிவு சரி, இரண்டாவதிலிருந்து குப்பை: சி சாக்கெட் லூப்பில் கவுண்ட்டரை எங்கே பூஜ்யமாக்க வேண்டும்?

பீன்யா · மே 6, காலை 10.20

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் மின் மீட்டர்களிலிருந்து டேட்டா எடுக்கும் கேட்வே. 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி, டிசிபி வழியாக, 4ஜி சிம்மில் போகிறது. முதல் 4 பைட் ஹெட்டர், அதில் நீளம் நெட்வொர்க் பைட் வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). பின்னால் பேலோட் (மீட்டரின் டேட்டா), எப்போதும் 60 பைட்.

காலை 9.00 பதிவு சரியாக வருகிறது. 9.15 முதல் குப்பை. 12.45-க்கு ஒரு நல்ல பதிவு, மறுபடி குப்பை, மாலை 4.30-க்கு இன்னொரு நல்ல பதிவு. டவரில் நெரிசல் குறையும் நேரத்தில் மட்டும் ஒழுங்காக வருகிறது என்பது என் கணிப்பு. ஆபீஸில் நெட்கேட் (கையால் டேட்டா அனுப்பும் கருவி) வைத்து ஒரு செய்தி அனுப்பினால் எல்லாம் சரி. எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் டபிள்யூஆல் ஃபிளாக் போட்டுக் கம்பைல் செய்தால் ஒரு எச்சரிக்கையும் இல்லை, நினைவகத் தவறைத் தேடும் வால்கிரைண்டும் சுத்தம். சர்வர் படிக்கும் பகுதி இது (ரிசீவ் இணைப்பிலிருந்து படித்து, வந்த பைட் எண்ணிக்கையைத் தரும்; எஃப்டி என்பது திறந்திருக்கும் இணைப்பின் எண்):

    இன்ட் வந்தது = 0;
    வைல் (1) {
        வைல் (வந்தது < 4)
            வந்தது += ரிசீவ்(எஃப்டி, ஹெட் + வந்தது, 4 - வந்தது, 0);
        நீளம் = ஹெட்டர்_நீளம்(ஹெட்);
        இன்ட் பே = 0;
        வைல் (பே < நீளம்)
            பே += ரிசீவ்(எஃப்டி, பஃபர் + பே, நீளம் - பே, 0);
        பதிவு_எழுது(பஃபர், நீளம்);
    }

சிம் கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா?

அல்சூர் · மே 6, காலை 10.55

சிம்மை மாற்ற வேண்டாம் தம்பி. டிசிபியில் நெட்வொர்க் மோசமானால் டேட்டா தாமதமாக வரும், இல்லையென்றால் இணைப்பு அறுந்துபோகும். பைட்டுகள் இடம் மாறி வராது.

"வந்தது" என்ற கவுண்ட்டரைப் பாருங்கள். வெளி லூப்புக்கு மேலே ஒரே ஒரு முறை 0 ஆகிறது. முதல் செய்தி முடிந்ததும் அதன் மதிப்பு 4. இரண்டாவது சுற்றில் "4-க்குக் குறைவா" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான், ஹெட்டர் லூப் ஓடவே ஓடாது. பழைய ஹெட்டரில் 60 என்ற நீளம் அப்படியே கிடக்கிறது. அதை நம்பி 60 பைட் படிக்கிறீர்கள். அந்த 60-இல் முதல் 4 பைட் அடுத்த செய்தியின் ஹெட்டர்.

சரிபார்க்க ஒரு வழி: 60 என்ற பைட் ஆஸ்கியில் < குறி. கெட்டுப்போன பதிவுகளை ஹெக்ஸ்டம்ப் (ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகவும் எழுத்தாகவும் காட்டும் பட்டியல்) எடுத்து < எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பதிவில் 4-வது பைட், மூன்றாவதில் 8-வது, நான்காவதில் 12-வது என்று நகர வேண்டும்.

பீன்யா · மே 6, காலை 11.10

அப்படியேதான் இருக்கிறது அண்ணா. 4, 8, 12, 16. அதற்கு முன்னால் மூன்று பூஜ்ய பைட். ஆனால் 12.45 பதிவு எப்படிச் சரியாக வந்தது?

அல்சூர் · மே 6, காலை 11.40

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். மீட்டர் அனுப்புவது செய்திக்கு 64 பைட். நீங்கள் எடுப்பது முதல் முறை 64, அதன் பிறகு 60, 60, 60. ஒவ்வொரு செய்திக்கும் 4 பைட் பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. 16 செய்திக்கு 1,024 பைட். உங்கள் பக்கம் 4 பைட் ஹெட்டரும் 17 பதிவும் சேர்ந்தால் அதே 1,024. 16 செய்திக்கு உங்கள் லாகில் 17 பதிவு இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்த 17-வது பதிவு 16-வது செய்தியின் பேலோட் மேல் பிசிறில்லாமல் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு மறுபடி நழுவ ஆரம்பிக்கும்.

60-க்கும் 64-க்கும் மீச்சிறு பொது மடங்கு 960. அதாவது 15 செய்திக்கு ஒரு முறை தானாக நேராகும். 15 செய்தியை 15 நிமிடத்தால் பெருக்கினால் 225 நிமிடம், 3 மணி 45 நிமிடம். 9.00, 12.45, 4.30. டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பட்டறைக்குப் போக வேண்டாம், மேசையிலேயே எஸ்ட்ரேஸ் (நிரல் கர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் கருவி) போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்86-64 லினக்ஸில் ரிசீவ் அழைப்பு ரிசீவ்ஃப்ரம் என்ற பெயரில் தெரியும். இரண்டாவது செய்தி வந்ததும் இப்படி வரும்:

    ரிசீவ்ஃப்ரம்(5, …, 60) = 60
    ரிசீவ்ஃப்ரம்(5, …, 60) = 4
    ரிசீவ்ஃப்ரம்(5, …, 56)   ← இங்கே காத்திருக்கும்

மூன்றாவது செய்திக்கு 56, 8. நான்காவதுக்கு 52, 12. ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 64. "4 பைட் கொடு" என்று கேட்கும் வரி முதல் செய்திக்கு மட்டும்தான் இருக்கும், அதன் பிறகு ஹெட்டருக்காக ஒரு தடவைகூட வராது (16-வது செய்தியில் தெரியும் 4 பேலோட் படிப்பின் மிச்சம்). ஹெட்டர் லூப் ஓடவில்லை என்பதற்கு இதைவிட நேரடி ஆதாரம் தேவையில்லை.

நெட்கேட் சோதனையில் ஏன் மாட்டவில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இணைப்புக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினால் இந்தத் தவறு வெளியே தலைகாட்டாது.

ஹொரமாவு · மே 6, மதியம் 1.15

வால்கிரைண்ட் சுத்தம், கம்பைலர் சுத்தம் என்றதைப் பற்றி. பலர் இரண்டு வெவ்வேறு தவறுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, மதிப்பே கொடுக்காத மாறி. இதைப் பிடிக்கக் கருவிகள் உண்டு. ஜிசிசியின் மேபி-அன்இனிஷியலைஸ்டு எச்சரிக்கை டபிள்யூஆல் ஃபிளாக்கிலேயே அடங்கும், ஆனால் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் வேலை செய்யாது, ஓ1 அல்லது ஓ2 வேண்டும். கிளாங் கம்பைலரில் மெமரி சானிடைசர் (நிரல் ஓடும்போது இதைப் பிடிக்கும் சோதனை) இருக்கிறது. வால்கிரைண்டில் டிராக்-ஆரிஜின்ஸ் போட்டால் அந்தக் குப்பை மதிப்பு எங்கே பிறந்தது என்பதையும் சொல்லும். அட்ரஸ் சானிடைசர் இதைப் பிடிக்காது, அதன் வேலை வேறு.

இரண்டு, மதிப்பு கொடுத்த மாறிதான், ஆனால் போன சுற்றின் மதிப்பு. பீன்யாவின் கேஸ் இது. மொழி விதிப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. கருவியின் பார்வையில் 4 என்பது ஒழுங்கான மதிப்பு. எந்தச் சானிடைசரும் வாய் திறக்காது. அதனால் இதற்கு மருந்து எழுதும் முறையில்தான்: ஒரு சுற்றுக்குள் மட்டும் பயன்படும் மாறியை அந்தச் சுற்றுக்குள்ளேயே அறிவியுங்கள், அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பையும் கொடுங்கள். சி-யில் லூப்பின் உடலுக்குள் "இன்ட் பே = 0;" என்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரி ஓடும், 0 ஆகும். இதே குறியீட்டில் பேலோட் கவுண்ட்டர் தப்பித்தது அதனால்தான்.

இதில் மூன்று விதிவிலக்குகளை நினைவில் வையுங்கள். ஸ்டாட்டிக் என்று முன்னால் போட்டால் நிரல் தொடங்கும்போது ஒரு முறை மட்டும்தான் 0. மதிப்பு கொடுக்காமல் "இன்ட் பே;" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் போன சுற்றின் மதிப்பே அதே ஸ்டேக் இடத்தில் கிடக்கும், சோதனையில் சரியாக வந்து ஓ2-வில் கெடும். ஸ்விட்ச் திறந்ததும் முதல் கேஸுக்கு முன்னால் அறிவித்தால் மாறி இருக்கும், மதிப்பு ஏறாது, ஏனென்றால் கட்டுப்பாடு அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

பீன்யா · மே 6, மாலை 5.30

அறிவிப்பை வைல் லூப்புக்குள் நகர்த்தினேன். 40 செய்தி அனுப்பிப் பார்த்தேன், 40 பதிவும் சரி. இதோடு மூடிவிடலாமா?

அல்சூர் · மே 6, இரவு 9.05

மூட வேண்டாம். அந்தப் பத்து வரியில் இன்னும் மூன்று ஓட்டை இருக்கிறது.

ரிசீவ் தோற்றால் -1 தரும். அதை அப்படியே "வந்தது"-வோடு கூட்டுகிறீர்கள். கவுண்ட்டர் 0 ஆக இருக்கும்போது பிழை வந்தால் -1 ஆகும், அடுத்த சுற்றில் ஹெட் அணிக்கு ஒரு பைட் முன்னாலிருந்து 5 பைட் எழுதச் சொல்வீர்கள். நினைவகம் கெடும்.

பேலோட் பக்கம் வேறு மாதிரி. நீளம் அன்சைன்டு 32 பிட் என்றால், பே -1 ஆனதும் ஒப்பீட்டில் அது 4,294,967,295 ஆக மாறும். 60-ஐவிடப் பெரியது, லூப் முடிந்தது. பஃபரில் கிடக்கும் பழைய பதிவைப் புதிய பதிவாக எழுதிவிடுவீர்கள். ஒரு தடயமும் இருக்காது. இந்த ஒப்பீட்டை எச்சரிக்கும் சைன்-கம்பேர், சி-யில் டபிள்யூஎக்ஸ்ட்ரா போட்டால்தான் வரும், டபிள்யூஆல் போதாது.

எதிர்ப்பக்கம் இணைப்பை மூடினால் ரிசீவ் 0 தரும். கவுண்ட்டர் நகராது, லூப்பும் முடியாது. ஒரு கோர் 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றுக்கும் ஒரே தீர்வு: படிக்கும் லூப்பைத் தனி ஃபங்ஷன் ஆக்குவது.

    எஸ்சைஸ் முழுசா_படி(எஃப்டி, இடம், தேவை) {
        சைஸ் வந்தது = 0;
        வைல் (வந்தது < தேவை) {
            எஸ்சைஸ் n = ரிசீவ்(எஃப்டி, இடம் + வந்தது, தேவை - வந்தது, 0);
            n < 0, காரணம் ஈஇன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) → திரும்ப முயற்சி
            n < 0, வேறு காரணம் → -1
            n == 0 → இதுவரை வந்ததைத் திருப்பிக் கொடு
            வந்தது += n;
        }
        வந்ததைத் திருப்பிக் கொடு
    }

ஹெட்டர் படிக்கும்போது 0 திரும்பினால் ஒழுங்காக மூடியிருக்கிறார்கள். 1 முதல் 3 வரை வந்தால் நடுவில் அறுந்த இணைப்பு, லாகில் தனியாக எழுதுங்கள். கவுண்ட்டர் ஃபங்ஷனுக்குள் பிறந்து அங்கேயே முடிகிறது, அடுத்த செய்திக்கு வழிய வாய்ப்பே இல்லை.

நீளத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள். 60 மட்டும்தான் செல்லும் என்றால் 60 இல்லாத எதுவும் வந்தால் இணைப்பை மூடுங்கள். டிசிபி ஓட்டத்தில் ஒரு முறை வரிசை தவறினால் அடுத்த ஹெட்டர் எங்கே தொடங்கும் என்று யூகிக்க முடியாது. போர்ட் வெளியே திறந்திருந்தால் யாராவது பிரவுசரைக் கொண்டு வந்து மோதுவார்கள். ஹெச்டிடிபி கோரிக்கையின் முதல் நான்கு எழுத்தை, அதாவது கெட் என்ற மூன்று எழுத்தையும் ஒரு இடைவெளியையும், நீளமாகப் படித்தால் 1,195,725,856 வரும். வரம்பு இல்லாத சர்வர் அதை மாலாக்குக்கு அனுப்பி ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்கும். லாகில் இந்த எண்ணைப் பார்த்தால் கதை புரிந்துவிடும்.

ஹொரமாவு · மே 7, காலை 8.40

எம்எஸ்ஜி-வெயிட்ஆல் ஃபிளாக் போட்டால் ரிசீவ் முழுதும் வரும்வரை நிற்கும், லூப்பே வேண்டாம் என்று யாராவது சொல்ல வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். சிக்னல் வந்தால், பிழை வந்தால், எதிர்ப்பக்கம் மூடினால் அதுவும் குறைவாகத்தான் திரும்பும். லூப் இருக்கட்டும். ஃபிளாக் போட்டால் சிஸ்டம் கால் குறையும், அந்த அளவில் லாபம்.

கம்மனஹள்ளி · மே 7, காலை 11.20

அனுப்பும் பக்கத்திலும் இதே வியாதி உண்டு. "போனது" கவுண்ட்டரை வெளியே வைத்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். முதல் செய்தி 120 பைட், முழுதாகப் போகும். இரண்டாவது 80 பைட் என்றால் 120 ஏற்கெனவே 80-ஐத் தாண்டிவிட்டது, ஒரு பைட்கூடப் போகாது, ஃபங்ஷன் வெற்றி என்று சொல்லும். மூன்றாவது 200 பைட் என்றால் கடைசி 80 மட்டும் போகும். டிசிபிடம்ப்பில் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) சின்னச் செய்திகள் காணாமலும் பெரிய செய்திகள் தலை இல்லாமலும் தெரிந்தால் நேராகக் கவுண்ட்டரிடம் போங்கள்.

செலக்ட் (பல எஃப்டிகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் அழைப்பு) பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று. எஃப்டி-செட்டை லூப்புக்கு வெளியே ஒரு முறை நிரப்பிவிட்டு உள்ளே செலக்ட் மட்டும் அழைத்தால், முதல் திரும்பலிலேயே தயாராக இல்லாத எஃப்டிகள் செட்டிலிருந்து போய்விடும். டைம்அவுட் ஆனால் செட் முழுக்கக் காலி, அடுத்த சுற்றில் யாரையும் கவனிக்காத செலக்ட். லினக்ஸில் டைம்அவுட் மதிப்பையும் கர்னல் மாற்றும், மிச்ச நேரத்தை அதில் எழுதும். 5 விநாடி என்று வெளியே வைத்தால் அது தேய்ந்து 0 ஆகி, அதன் பிறகு செலக்ட் உடனுக்குடன் திரும்பி சிபியூவைத் தின்னும். மூன்றையும் லூப்பின் தலையில் புதிதாக வையுங்கள்: செட், டைம்அவுட், மிகப் பெரிய எஃப்டி. 1,024-ஐத் தொடும் எஃப்டி வந்தால் செட்டுக்கு வெளியே எழுதும், அப்போது அதே வேலையை இந்த வரம்பு இல்லாமல் செய்யும் போல் அழைப்புக்கு மாறிவிடுவதுதான் நல்லது.

பீன்யா · மே 7, மதியம் 2.00

எங்களிடம் கிளையன்ட் அணி ஒன்று இருக்கிறது, 64 இடம். காலி இடத்துக்கு 0 வைக்கிறோம். ஃபார் லூப் 1-இலிருந்து தொடங்குகிறது, ஏன் என்று எழுதியவர் குறிப்பு விடவில்லை. மாற்றலாமா?

கம்மனஹள்ளி · மே 7, மதியம் 2.25

மாற்றுங்கள். 0 என்பது செல்லும் எஃப்டி, வழக்கமாக ஸ்டாண்டர்டு இன்புட். டீமனாக (பின்னணியில் ஓடும் நிரலாக) ஓடும்போது 0-வை மூடியிருந்தால் அடுத்து வரும் கிளையன்ட்டுக்கே அந்த எண் கிடைக்கும், ஏனென்றால் கர்னல் காலியாக இருக்கும் மிகச் சின்ன எண்ணைத்தான் கொடுக்கும். காலி என்பதற்கு -1 வைத்து 0 முதல் 63 வரை ஓட்டுங்கள். பைட்டுகளை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டில் -1 கொடுத்தால் எல்லா பைட்டும் 255 ஆகும், இன்ட்டாகப் படித்தால் -1, அதனால் அது செல்லும். இந்த தைரியத்தில் மெம்செட்டில் 1 கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு இடத்திலும் 16,843,009 இருக்கும்.

ஹொரமாவு · மே 7, இரவு 10.10

அக்செப்ட் (புது இணைப்பை ஏற்பது), ரிசீவ்ஃப்ரம் இரண்டிலும் முகவரி நீளம் என்ற கடைசி ஆர்குமென்ட் இருவழி. உள்ளே போகும்போது "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது", வெளியே வரும்போது "முகவரி இவ்வளவு நீளம்". லூப்புக்கு வெளியே ஒரு முறை மட்டும் சைஸ்ஆஃப் போட்டால், பெயரில்லாத யூனிக்ஸ் டொமைன் கிளையன்ட் (அதே கணினிக்குள்ளிருந்து இணைவது) ஒன்று வந்ததும் அது 2 ஆகிவிடும். அடுத்த கிளையன்ட்டுக்கு 2 பைட் மட்டும் நிரம்பும், மீதியில் அதற்கு முன்னால் வந்தவரின் பாதை அப்படியே இருக்கும். லாகில் ஒருவர் வேலைக்கு இன்னொருவர் பெயர் ஏறும்.

மதிப்பே கொடுக்காமல் விட்டு அது எதிர்ம எண்ணாக அமைந்தால் லினக்ஸ் ஈஇன்வால் (தவறான ஆர்குமென்ட் என்ற பிழை) தரும். அதற்குள் அந்த இணைப்பு வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு மூடப்பட்டிருக்கும். ரிசீவ்ஃப்ரம் என்றால் பாக்கெட் போயே போச்சு, திரும்ப அழைத்தாலும் அது கிடைக்காது.

அல்சூர் · மே 8, காலை 9.30

நேற்று சாயந்திர மழையில் பீன்யா பக்கம் கரண்ட் போய்ப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். மோடம் விழுந்து எழுந்தால் மீட்டர் புதிதாக இணையும். அந்த வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

த்ரெட்டுக்கு ஓர் இணைப்பு, பிளாக்கிங் சாக்கெட் என்றால் மேலே சொன்ன ஃபங்ஷன் போதும். பல இணைப்பை ஒரே இடத்தில் கவனிக்கும் ஈபோல் வைத்து நான்-பிளாக்கிங்காக (டேட்டா இல்லையென்றால் காத்திருக்காமல் திரும்பும்படி) எழுதினால் "கவுண்ட்டரை உள்ளே அறிவி" என்ற யோசனை அப்படியே செல்லாது. பாதி ஹெட்டரோடு திரும்பிப் போய், அடுத்த நிகழ்வில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கவுண்ட்டர் இணைப்பின் ஸ்ட்ரக்டில்தான் வாழ வேண்டும். அப்போது 0 ஆக்க வேண்டிய இடம் இரண்டு: இணைப்பை ஏற்கும்போது, ஒவ்வொரு செய்தியும் முடியும்போது. நினைவகத்தை 0 ஆக்கித் தரும் கேலாக்கில் எடுத்த ஸ்ட்ரக்ட் முதல் முறை 0 ஆகத்தான் இருக்கும், அதை நம்பி முதலாவதை விட்டுவிடுவார்கள். இணைப்பு அறுந்து, அதே எஃப்டி எண் அடுத்தவருக்குக் கிடைத்து, எஃப்டியை வைத்தே அணியில் தேடினால், அறுந்தவரின் பாதி ஹெட்டரோடு புதியவர் தொடங்குவார். ஒவ்வொரு மழைக்கும் பிறகு சில மீட்டர் மட்டும் கெடும்.

கம்மனஹள்ளி · மே 8, காலை 10.45

ஹொரமாவு சொன்ன "உள்ளேயே அறிவி" பற்றி ஒரு துணைச் செய்தி. லினக்ஸ் கர்னல் 2022-இல் 5.18 பதிப்பில்தான் சி மொழியின் பழைய 89 தரத்தை விட்டு க்னூ 11-க்கு வந்தது. பட்டியல் சுற்றும் மேக்ரோக்களில் சுட்டி மாறி லூப் முடிந்த பிறகும் வெளியே உயிரோடு இருப்பது அந்த விவாதத்தைக் கிளப்பிவிட்ட காரணங்களில் ஒன்று. ஃபார் லூப்பின் அடைப்புக்குள் மாறியை அறிவிக்க 99 தரமாவது வேண்டும். ஜிசிசி 5-இல் இயல்பே க்னூ 11 ஆனது, பிறகு வந்த பதிப்புகளில் அதைவிடப் புதிய தரம். கேட்வேயில் பழைய கிராஸ் கம்பைலர் என்றால் தரத்தைக் குறிக்கும் எஸ்டிடி ஃபிளாக்கை வெளிப்படையாகக் கொடுங்கள்.

ஹொரமாவு · மே 8, மதியம் 12.20

செக்சம் (பாக்கெட் கெடவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை) போடுபவர்களுக்கு. பிங் மாதிரி ஐசிஎம்பி பாக்கெட்டை ஒரே பஃபரில் திரும்பத் திரும்ப அனுப்பினால், கூட்டல் மாறியை 0 ஆக்குவதோடு பாக்கெட்டில் உள்ள செக்சம் புலத்தையும் கணக்கிடுவதற்கு முன்னால் 0 ஆக்க வேண்டும். ஆர்எஃப்சி 1071-இன் ஒன்ஸ் காம்ப்ளிமென்ட் கூட்டலில், சரியான செக்சம் உள்ளே இருக்கும் பாக்கெட்டை மறுபடி கணக்கிட்டால் 0 வரும். வரிசை எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக் கணக்கிட்டால் 65,534. முதல் பிங்குக்குப் பதில், பிறகு மௌனம் என்றால் டிசிபிடம்ப்பில் விவி ஃபிளாக் போட்டு இரண்டாவது பாக்கெட்டின் செக்சம் புலத்தைப் பாருங்கள். 65,534 இருந்தால் பழைய செக்சம் புலத்தில் அப்படியே கிடந்தது என்று அர்த்தம்.

பீன்யா · மே 8, மாலை 6.15

ஃபங்ஷனாக மாற்றிவிட்டேன். இதைச் சோதிக்க இரண்டு மோடமும் சிம்மும் வேண்டுமா? எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய மோடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அல்சூர் · மே 8, இரவு 9.50

காசைச் செலவழிக்காதீர்கள். சாக்கெட்பேர் போதும்: யூனிக்ஸ் ஸ்ட்ரீம் வகையில் ஒரு ஜோடி திறந்து, ஒரு முனையில் சோதனை நிரல், மறுமுனையில் உங்கள் படிக்கும் ஃபங்ஷன். லூப்பேக்கில் டிசிபி வைத்து மட்டும் சோதித்தால் போதாது, லினக்ஸில் அதன் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 65,536. வெளியில் ஈதர்நெட்டில் 1,500. லூப்பேக்கில் சின்னச் செய்தி பெரும்பாலும் ஒரே துண்டாக வந்துவிடும், அரைகுறைப் படிப்பு நடக்கவே நடக்காது.

நான்கு சோதனை எழுதுங்கள். ஒரே இணைப்பில் மூன்று செய்தி, பைட் பைட்டாக, நடுவில் சில மில்லிவிநாடி தூங்கி. மூன்று செய்தியையும் ஒட்டி ஒரே சென்டில். ஹெட்டரின் 2-வது பைட்டோடு இணைப்பை மூடுவது. நீளம் 1,195,725,856 என்று அனுப்புவது. முதல் இரண்டில் மூன்று செய்தியின் பேலோடும் வெவ்வேறு எழுத்தால் நிரம்பியிருக்கட்டும், நழுவினால் கண்ணுக்கே தெரியும். பைட் பைட்டாக அனுப்பும் சோதனையை டிசிபியில் ஓட்டுவதாக இருந்தால் அனுப்பும் முனையில் டிசிபி-நோடிலே போடுங்கள், இல்லையென்றால் நேகிள் முறை சின்னத் துண்டுகளைச் சேர்த்து வைத்துவிடும்.

பீன்யா · மே 9, மதியம் 12.55

நான்கும் தேறின. பழைய குறியீட்டில் ஓட்டினால் முதல் இரண்டும் இரண்டாவது செய்தியிலேயே விழுகின்றன. மூன்றாவதில் நிரல் முடியவே இல்லை, கண்ட்ரோல்-சி போட வேண்டியிருந்தது. பஃபரையும் ஒவ்வொரு சுற்றிலும் மெம்செட் செய்யட்டுமா?

அல்சூர் · மே 9, மதியம் 1.30

தேவையில்லை. நீளம் தெரிந்த பைட்டுகளை மட்டும் தொடுகிறீர்கள் என்றால் மீதி என்னவாக இருந்தாலும் கவலை இல்லை. பேலோடை ஸ்ட்ரிங்காக அச்சடிக்கும் இடம் இருந்தால் அங்கே பஃபரை 61 பைட்டாக வைத்து, படித்த நீளத்தின் இடத்தில் 0 போடுங்கள். மூன்றாவது சோதனைக்கு மேக்ஃபைலில் டைம்அவுட் 5 என்று முன்னால் சேர்த்துவிடுங்கள், தொங்கினாலும் பில்ட் தோல்வி என்று முடியும்.